உத்தரவாதச் சீட்டும் நம் உரிமையும்

நாயுடுபேட்டையில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள், ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, பண்டிகையை ஒட்டி ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோ, குளிர்பதனப் பெட்டியோ, கைப்பேசியோ வாங்குவது வழக்கம். உள்ளூரில் வாங்குவோரும் உண்டு. சென்னைக்கு ரயிலேறிச் சென்று வாங்கி வருவோரும் உண்டு. எங்கு வாங்கினும், வாங்கும் நாளில் கடையில் காணும் முகமலர்ச்சி, பழுதென்று திரும்பிச் செல்லும் நாளில் காணக் கிடைப்பதில்லை. இவ்வகையில் நாம் பட்ட அனுபவத்தையும், அதன்பின் அறிந்துகொண்ட சட்ட விவரங்களையும் அன்பர்களுக்கு எடுத்துரைத்தல் பயன் தரும் எனக் கருதுகிறோம்.

சென்ற ஆண்டு தீபாவளியின்போது, துண்டு விளம்பரம் ஒன்றைக் கண்டு ஒரு கடைக்குச் சென்றோம். விளம்பரத்தில் கண்ட பெட்டி நேற்றே தீர்ந்துவிட்டதென்றும், அதனினும் உயர்ந்தது நாலாயிரம் ரூபாய் கூடுதலில் கிடைக்குமென்றும் விற்பனையாளர் கூறினார். வயது முதிர்ந்த நம் தாயாருக்குத் தெலுங்கு தெரியாது. பகற்பொழுதைத் தமிழ் நிகழ்ச்சிகளைக் கொண்டே கழிப்பவர். அவரை எண்ணி, வெறுங்கையுடன் வீடு திரும்ப மனமின்றி இசைந்தோம். பில்லில் ‘கூடுதல் உத்தரவாதம்’ என்று 2,499 ரூபாய் சேர்க்கப்பட்டிருந்ததை வீட்டிற்கு வந்த பின்னரே கண்டோம். உத்தரவாதச் சீட்டில் தேதியும் இல்லை, கடை முத்திரையும் இல்லை. நாள்தோறும் பார்சல் ரசீதுகளை வரிவரியாகச் சரிபார்க்கும் நாமே, சொந்தப் பணத்திற்கான பில்லைப் படியாமல் கையொப்பமிட்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஏழாம் மாதத்தில் திரையில் கோடுகள் விழுந்தன. கடைக்காரர், “கம்பெனியைக் கேளுங்கள்” என்றார். கம்பெனி அனுப்பிய மெக்கானிக், வெளியிலிருந்து அடிபட்டுள்ளதால் உத்தரவாதம் செல்லாதென்றும், புதிய திரைக்கு 14,000 ரூபாய் ஆகுமென்றும் எழுதிவைத்துச் சென்றார். அடிபட்ட இடத்தைக் காட்டும்படி கேட்டதற்கு விடையில்லை. பணம் கொடுத்து வாங்கிய கூடுதல் உத்தரவாதமோ, முதலாண்டு முடிந்த பின்னரே தொடங்குமாம்! தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அணைந்த பெட்டியின் எதிரே அமர்ந்திருந்தார். அதுவே நம்மை வருத்தியது.

இந்நிலையில் நண்பரொருவர் கூறியபடி, தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணை அழைத்தோம். தமிழிலேயே முறையிட முடிந்தது நமக்கு வியப்பளித்தது. பில்லின் படத்தையும், மெக்கானிக் எழுதிய தாளையும் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து வேறொரு மெக்கானிக் வந்து, கட்டணமின்றித் திரையை மாற்றிக் கொடுத்தார். ஆயினும் அந்த 2,499 ரூபாய் திரும்பவில்லை. பில்லில் நம் கையொப்பம் இருந்ததே காரணம்.

இத்தகைய செயல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவில், பிறரிடம் பழுது பார்த்த சாதனங்களுக்கு நிவாரணம் கிடையாதென்று வாடிக்கையாளர்களிடம் தவறாகக் கூறியமைக்காக, ஆப்பிள் நிறுவனத்திற்கு அந்நாட்டு நீதிமன்றம் 2018 ஜூனில் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பெருநிறுவனமாயினும் சட்டத்தின் முன் விடை கூறியே தீரவேண்டும்.

நம் நாட்டில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்பது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் கொடாமல் விற்பது அச்சட்டப்படி நேர்மையற்ற வணிகமாகும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டுவிட்டால் கடைக்காரர் பொறுப்புத் தீர்ந்துவிடாது. குறையுள்ள பொருளை, பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு குறிப்பிடப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அக்குற்றத்தின்பாற் பட்டதே.

உதவி மையத்தால் தீராவிடில், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் வழக்கிடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையிலாயின் கட்டணமில்லை; வக்கீல் வைத்தே ஆகவேண்டுமென்பதும் இல்லை. வேண்டுமாயின் பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி உண்மையறிய ஆணையத்திற்கு அதிகாரமுண்டு. மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் நம்மனோர்க்கு மிகவும் உதவுவது ஒன்றுண்டு: சென்னையில் வாங்கிய பொருளுக்கும், நாம் குடியிருக்கும் அல்லது பணிபுரியும் இடத்து ஆணையத்திலேயே முறையிடலாம். நம் ஊர் 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்திற்கு மாறியதையும் அன்பர்கள் நினைவிற் கொள்க.

ஆகவே, பில் வேண்டாமெனில் விலை குறைப்போம் என்பாரை நம்பாதீர். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட உச்ச விலையைப் பாருங்கள். பில்லின் ஒவ்வொரு வரியையும், தெரியாத மொழியாயின் தெரிந்தவரைக் கொண்டு, படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். உத்தரவாதச் சீட்டில் தேதியும் முத்திரையும் பெறாமல் கடைப்படி இறங்காதீர். பழுதில்லை என்றோ உத்தரவாதம் செல்லாது என்றோ எவர் கூறினும், அதனை எழுத்திற் கேளுங்கள்.

ஆங்கிலமோ தெலுங்கோ படிக்க இயலாத குடும்பத்தார் கூசாமல் நம் சங்கத்திற்குப் பில்லை எடுத்து வரலாம். ஞாயிறு மாலைகளில் உடனிருந்து படித்துச் சொல்ல நாம் காத்திருக்கிறோம். ஒரு முறை ஏமாந்தவர் பிறர் ஏமாறாமற் காப்பதே, ஏமாந்த பணத்திற்கு ஈடாகும்.