டிஎன்பிஎஸ்சி புவியியல்: ஆறு, மண், ஆலைன்னு தனித்தனியா படிச்சா மார்க் போறது ஏன்?

கூற்று: நர்மதை, தபதி ஆறுகள் டெல்டாவை உருவாக்குவதில்லை. காரணம்: இரண்டும் மேற்கு நோக்கிப் பாய்கின்றன.

இரண்டுமே சரியான தகவல்தான். ஆனா, காரணம் கூற்றை விளக்குதா? இல்லை. சிந்து நதியும் அரபிக்கடலில்தான் கலக்கிறது. அதுக்குப் பெரிய டெல்டாவே இருக்கு. நர்மதையும் தபதியும் கடினப் பாறைகளுக்கு நடுவே, பிளவுப் பள்ளத்தாக்கு வழியாக ஓடுகின்றன. வண்டல் குறைவு. அதனால் பொங்குமுகம்தான் உருவாகிறது. "மேற்கே பாயும் ஆறுகள்" என்று பட்டியலாக மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். குரூப் 4 தேர்வில் ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண். கட்-ஆஃப் பக்கத்தில் நிற்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பாறையில் தொடங்கும் பஞ்சாலை

தக்காணப் பீடபூமியின் வடமேற்கில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்தது. அந்த பசால்ட் பாறை சிதைந்து உருவானதுதான் கரிசல் மண். ஈரத்தை நல்லா பிடித்து வைக்கும் என்பதால் பருத்திக்கு ஏற்றது. மகாராஷ்டிரா, குஜராத்தில் விளைந்த பருத்தி, பக்கத்திலேயே துறைமுகம், நூல் அறுந்து போகாத ஈரக்காற்று. 19-ம் நூற்றாண்டிலேயே மும்பையில் பஞ்சாலைகள் வந்ததற்கு இவையெல்லாம் காரணம். புத்தகத்தில் மண், வேளாண்மை, தொழில் என்று வெவ்வேறு பக்கங்களில் இருந்தாலும் இது ஒரே கதைதான்.

1907-ல் தொடங்கப்பட்ட டாடா எஃகு நிறுவனம் ஜாம்ஷெட்பூரைத் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான். ஜாரியாவில் நிலக்கரி, மயூர்பஞ்சில் இரும்புத்தாது, தண்ணீருக்கு சுவர்ணரேகா, கார்காய் ஆறுகள்.

எல்லாத்துக்கும் நிலம் மட்டுமே பதில் சொல்லாது. ஹூக்ளி கரையில் சணல் ஆலைகள் ஏராளம். ஆனால் 1947 பிரிவினையில் சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்கு பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. ஆலை இங்கே, சணல் அங்கே! அதன்பிறகுதான் மேற்கு வங்கம், பீகார், அசாமில் சணல் சாகுபடியை அதிகரிக்க வேண்டியதாயிற்று.

எப்படிப் படிக்கலாம்?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகமே நல்ல தொடக்கம். நிலத்தோற்றம், காலநிலை, வேளாண்மை, தொழில் என்ற வரிசையில்தான் பாடங்கள் போகின்றன. நடுவில் தாவிப் படிக்க வேண்டாம். ஒரே வெற்று வரைபடத்தில் முதலில் மலை, ஆறு. அதுமேலேயே மண், பயிர். கடைசியில் சுரங்கம், ஆலை என்று குறித்துக்கொண்டே போகலாம். பாலக்காட்டுக் கணவாயைக் குறித்த இடத்துக்குக் கிழக்கே காற்றாலைகளும் வரும்போது, 'ஏன் அங்கே?' என்று தனியாகப் படிக்கத் தேவையே இருக்காது.

"உற்பத்தியில் முதலிடம் எந்த மாநிலம்?" வகைத் தகவல்களை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம். அவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. பழைய கைடில் இருப்பது இப்போது தப்பாகியிருக்கலாம். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையோடு சரிபார்த்துக்கொண்டால் போதும்.