பட்டத்துக்கு முன்னால் பிளஸ் டூ

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் மங்கலம்பேட்டை. அங்கே 32 வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது பாஸ். அதற்கு மேல் படிக்க வைக்காமல் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். இப்போது கணவர் இல்லை. இறந்திருக்கலாம், விட்டுவிட்டுப் போயிருக்கலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று. விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறார். முந்திரி சீசன் வந்தால் அந்த வேலைக்கும் போகிறார். இவருக்கு ஒரு டிகிரி வாங்க வேண்டும் என்று ஆசை.

இவரைப் போன்றவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. இந்தப் பட்டத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டப்போகிறோம் என்பதே முதல் கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் பணம் கட்டி, மூன்று வருஷம் கண்விழித்துப் படித்து, கடைசியில் செல்லாத பட்டத்தோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

காரணம் இதுதான். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பிளஸ் டூ இல்லாமலே, ஒரு ஆயத்தப் படிப்பை முடித்துவிட்டு நேராகப் பி.ஏ. சேர வழி உண்டு. பட்டமும் கிடைக்கும். ஆனால் தமிழ்நாடு அரசு 2009-ல் போட்ட ஆணைப்படி, பத்தாவதும் பன்னிரண்டாவதும் முறையாகத் தேறிய பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். டிஎன்பிஎஸ்சி சான்றிதழ் சரிபார்ப்பில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். எனவே பத்தாவதோடு நின்றவர், பட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பிளஸ் டூ எழுத வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பள்ளிக்கூடம் போக வேண்டாம்.

இன்னொரு பாதை ஐடிஐ. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஐடிஐ படித்து, தமிழ், ஆங்கிலத் தேர்வுகளையும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை என்று அரசு ஏற்கிறது. அரசு ஐடிஐயில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. கையில் தொழிலும் வரும், பிளஸ் டூவும் வரும். பகலில் போய்ப் படிக்க முடிந்தால் இதை நான் முதலில் சொல்வேன். பி.ஏ. மோகத்தில் பலர் ஐடிஐ பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பிளஸ் டூ கையில் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: பகல் கல்லூரியா, அஞ்சல் வழியா? விருத்தாசலத்தில் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவைதான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இவ்வளவு மலிவாகப் படிக்க வேறு இடம் இல்லை. ஆனால் பகலெல்லாம் வகுப்பில் உட்கார்ந்தால் கூலி போய்விடும். உண்மையான செலவு அந்தக் கூலிதான். வயதையும் பார்ப்பார்கள், விண்ணப்பம் போடும் முன் அந்த ஆண்டு விதியைக் கல்லூரியில் கேட்டுவிடுவது நல்லது.

ஆகவே பெரும்பாலோருக்கு மிஞ்சுவது தொலைநிலைக் கல்வி. அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் வாங்கிய தொலைநிலைப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதில் 'அங்கீகாரம் உள்ள' என்பதைத்தான் அழுத்திப் படிக்க வேண்டும். நம் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று யுஜிசி 2022-ல் அறிவித்தபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பார்த்தோம். பெரிய பெயர், பக்கத்து ஊர் என்பதெல்லாம் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி என்பதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். இப்போது தொலைநிலையில் சேர அந்தத் தளத்தில் 'டெப் ஐடி' என்ற எண்ணும் எடுத்தாக வேண்டும். அது இல்லாமலே சேர்த்துக்கொள்கிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே படிக்கலாம். மத்திய அரசின் இக்னோவும் இருக்கிறது. டீச்சர் ஆக விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பி.எட்.டை அஞ்சல் வழியில் எல்லோரும் படிக்க முடியாது. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்தான் அது.

இனி காசு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைப் பலரும் நம்பியிருக்கிறார்கள். அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துவிட்டு நேரில் போய்ப் படிக்கும் பெண்களுக்கு, தொலைநிலைக்குக் கிடையாது. விதவை ஓய்வூதியம் மாதம் 1,200. கணவர் கைவிட்டிருந்தாலும் ஓய்வூதியம் உண்டு, ஆனால் 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்தோ, கைவிட்டு ஐந்து ஆண்டோ ஆகியிருக்க வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வேறு. 2023-ல் வந்த விதிப்படி ஓய்வூதியம் வாங்குபவருக்கு அதுவும் சேர்த்துக் கிடைக்காது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைக் கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத பெரிய தொகை பிள்ளையின் பெயரில் வருவது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தாய் விதவையாகவோ, விவாகரத்தானவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை தர இடமுண்டு. ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. கடலூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். கேட்டவர் எல்லோருக்கும் கிடைத்துவிடாது; ஆனாலும் கேட்டு வையுங்கள். மனைவியை இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாவை இந்தத் திட்டங்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இதற்கெல்லாம் சான்றிதழ்தான் சாவி. வருமானச் சான்று, சாதிச் சான்று, விதவை அல்லது கைவிடப்பட்ட பெண் என்பதற்கான சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு வேலை நோக்கம் என்றால் 'ஆதரவற்ற விதவை' சான்று தனி. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும், மாத வருமானம் 4,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கான இடங்களில் 10 சதவீதம் இவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. கணவரால் கைவிடப்பட்டவருக்கும் விவாகரத்தானவருக்கும் இதில் இடமில்லை. அடுப்பு எரியாத வீடு இரண்டும் ஒன்றுதான், ஆனால் விதி அப்படி.

பணத்தை விடக் கடினமானது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ. லலிதா சென்னைக்காரர். 1937-ல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 18, மகளுக்கு நான்கு மாதம். டாக்டருக்குப் படித்தால் நேரங்கெட்ட நேரத்தில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டு கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். 1943-ல் மின்பொறியியல் முடித்தார். அவர் விடுதியில் இருந்த காலத்தில் மகளைச் சகோதரர் குடும்பம் பார்த்துக்கொண்டது. அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதால் மங்கலம்பேட்டைப் பெண்ணுக்கு அவரை ஈடாகச் சொல்ல முடியாது. ஆனால் படிப்பைத் தேர்ந்தெடுத்த முறையைக் கவனிக்கலாம்: குழந்தையின் நேரத்துக்கு எது ஒத்துவரும் என்று பார்த்தார்.

அதே கணக்கை இங்கேயும் போடுங்கள். நேர்முக வகுப்பு எந்த ஊரில், எந்தக் கிழமை? தேர்வு நாட்களில் கூலி எத்தனை நாள் போகும்? அன்றைக்குப் பிள்ளை யார் வீட்டில்? அம்மாவா, அக்காவா, பக்கத்து வீட்டு அத்தையா என்று பணம் கட்டும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். மூன்று வருஷத்தில் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இக்னோ பி.ஏ.வுக்கு ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வருகிறது. முந்திரி வேலை மும்முரமாக இருக்கும் கோடையை அடுத்து வரும் ஜூன் தேர்வில் பாடங்களைக் குறைத்துக்கொண்டு, டிசம்பரில் கூட்டிக்கொள்ளலாம்.