கண்ணை மூடிக் கிறுக்கிய எழுத்து... செல்போனுக்குள் வந்த கதை!

ஊராருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது அப்பாவின் வழக்கம். ஆனால் அவரே பல இடங்களில் திணறுவார். காரணம், அவர்கள் பேசும் ஃபுலானி மொழிக்கென்று தனி எழுத்து கிடையாது. அரபு எழுத்தில்தான் எழுதுவார்கள். ஃபுலானியின் சில ஒலிகளுக்கு அதில் எழுத்தே இல்லை. ஆளாளுக்கு ஒருவிதமாக எழுத, படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான்!

இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டைச் சேர்ந்த இப்ராஹிமா, அப்துலாயே பாரி சகோதரர்கள். 1989-ல் அண்ணனுக்கு 14 வயது, தம்பிக்கு 10. கண்ணை மூடிக்கொண்டு தாளில் கோடு இழுப்பார்கள். கண்ணைத் திறந்து, பிடித்த வடிவங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்படிப் பிறந்த 28 எழுத்துகள்தான் ‘அட்லாம்’.

நோட்டுப் புத்தகம் மூலம் ஊர் ஊராகப் பரவிய எழுத்து, கம்ப்யூட்டரில் வந்து முட்டி நின்றது. முதலில் செய்த ஃபான்ட், அரபு எழுத்துகளின் இடத்தில் அட்லாம் வடிவங்களைப் பொருத்தியது. அதே ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், புரியாத அரபு எழுத்துகள்தான் தெரியும். ‘பாமினி’ காலத்தில் தமிழ் டைப் செய்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்!

2016-ல் யூனிகோடில் அட்லாமுக்குத் தனி இடம் கிடைத்தது. ஆனால் யூனிகோடு தருவது எண் மட்டுமே. உருவம் தருவது எழுத்துரு. அது இல்லாவிட்டால் திரையில் வெறும் கட்டங்கள்தான்!

அந்த உருவத்தை வரைவது லேசுப்பட்ட வேலையல்ல. அட்லாம் வலமிருந்து இடமாக ஓடும். ஆங்கிலம்போல பெரிய எழுத்து, சின்ன எழுத்து உண்டு. எழுத்துகள் கைகோத்துக்கொள்வதால், சொல்லின் தொடக்கத்தில், நடுவில், முடிவில், தனியாக நிற்கும்போது என்று ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வடிவம் வேண்டும். ஒரு வளைவு பிசகினாலும் தாய்மொழிக்காரர் கண்ணில் உறுத்தும்.

கூகுளின் ‘நோட்டோ’ எழுத்துருக்களில் அட்லாம் இடம்பெற்றது. கற்றுக்கொள்பவர்களுக்காக, எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும் வடிவமும் வந்தது. 2019-ல் விண்டோஸ் 10-லும் அட்லாம் வந்துவிட்டது. பிறகு வந்த ‘அட்லாம் டிஸ்ப்ளே’ எழுத்துருவில் ஃபுலானி மக்களின் துணி நெசவுக் கோலங்களின் சாயலையும் சேர்த்தார்கள்.

‘ஓர் இனத்தை மறைந்துவிடாமல் காக்கும் எழுத்து’ என்பதுதான் அட்லாம் என்ற பெயரின் விரிவு. ஊகித்து ஊகித்துப் படித்த அதே கடிதம், இன்று பிசகில்லாமல் செல்போன் திரையில் வந்து நிற்கிறது!