பச்சைப் பலகை என்ன சொல்கிறது?

எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஓர் அக்கா வருகிறார். பெங்களூரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறார். இரவு வேலை. இல்லத்தில் 22 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 6 பேர் படுத்த படுக்கை. இரவில் பார்த்துக்கொள்ள இரண்டே பேர். ஒருவர் அக்கா. இன்னொருவர் வாட்ச்மேன்.

ஒரு நாள் அக்கா தம் நோட்டைத் திறந்து காட்டினார். அதில் சில ஆங்கில எழுத்துகள். இல்லத்துச் சுவரில் இருப்பதைப் பார்த்து, அப்படியே வரைந்து வந்திருந்தார்.

“ஏம்மா, பத்து வருசமா இந்தப் பலகையைத் துடைக்கிறேன். என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. இப்பத்தான் தமிழ் படிக்க வந்திருச்சே. இதையும் சொல்லிக் கொடு” என்றார்.

அன்று அதுவே எங்கள் பாடம் ஆனது. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஏன் இந்தச் சொற்கள் தெரிய வேண்டும்?

நம் வீட்டில் தீப்பிடித்தால் நாம் வெளியே ஓடுவோம். முதியோர் இல்லத்தில் அப்படி முடியாது. சிலரால் நடக்க முடியாது. சிலருக்குக் காது கேட்காது. சிலருக்கு எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். குழந்தைகள் இல்லம், மனநலக் காப்பகம், மாற்றுத்திறனாளர் இல்லம் எல்லாம் இப்படித்தான். அங்கே இருப்பவர்களை இன்னொருவர்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அந்த இன்னொருவர் ஆயா, சமையல்காரர், வாட்ச்மேன். அதாவது, நம்மைப் போன்றவர்கள்.

சுவரில் உள்ள சொற்கள்

பலகையில் உள்ள எழுத்து ஊருக்கு ஊர் மாறும். பெங்களூரில் கன்னடம் இருக்கும். மும்பையில் மராத்தி இருக்கும். பல இடங்களில் ஆங்கிலம் மட்டும் இருக்கும். ஆனால் நிறத்தையும் படத்தையும் வைத்து அடையாளம் காணலாம். பச்சை என்றால் பத்திரமான வழி. சிவப்பு என்றால் தீயணைக்கும் பொருள்.

எக்ஸிட்: வெளியேறும் வழி. பச்சைப் பலகையில் ஒருவர் ஓடுவது போல் படம் இருக்கும். அம்புக்குறி காட்டும் பக்கம் போக வேண்டும். அந்த வழியில் கட்டில், பீரோ, அரிசி மூட்டை எதுவும் இருக்கக் கூடாது.

பயர் அலாரம்: தீ எச்சரிக்கை மணி. சுவரில் சிறிய சிவப்புப் பெட்டி இருக்கும். கண்ணாடியை உடைத்து அழுத்தினால் கட்டிடம் முழுவதும் மணி அடிக்கும்.

ஸ்மோக் டிடெக்டர்: புகையைக் கண்டுபிடிக்கும் கருவி. கூரையில் வட்டமாக இருக்கும். நாம் தூங்கினாலும் அது தூங்காது. புகை வந்தால் மணி அடிக்கும். அதைத் துணியால் மூடக் கூடாது.

பயர் டோர்: தீயைத் தடுக்கும் கதவு. தீயையும் புகையையும் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும். இது மூடியே இருக்க வேண்டும். காற்று வரட்டும் என்று செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பார்கள். அது தவறு. திறந்து கிடந்தால் அது வெறும் கதவுதான்.

பயர் எக்ஸ்டிங்குவிஷர்: தீயணைப்பான். சிவப்பு நிற உருளை. அதன் தலையில் சிறிய கடிகாரம் போல் ஒன்று இருக்கும். முள் பச்சைக் கோட்டில் நின்றால் நல்ல நிலையில் இருக்கிறது. சிவப்பில் நின்றால் மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

அசெம்பிளி பாயிண்ட்: எல்லோரும் வந்து கூடும் இடம். கட்டிடத்துக்கு வெளியே இருக்கும். அங்கே நின்று தலைகளை எண்ண வேண்டும். யார் இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

புகை என்ன செய்யும்?

தீ சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல விபத்துகளில் தீயை விடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது.

2011 டிசம்பர் 9-ஆம் தேதி கொல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் தீப்பிடித்தது. விடிவதற்கு முந்திய நேரம். தீ பிடித்தது தரைக்குக் கீழே உள்ள தளத்தில். அங்கே எளிதில் தீப்பற்றும் பொருள்களைப் போட்டு வைத்திருந்தார்கள். புகை மேல் மாடிகளுக்கு ஏறியது. நோயாளிகளால் எழுந்து ஓட முடியவில்லை. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்தவர்கள்.

புகை மேலே ஏறும். தரைக்கு அருகில் ஓரளவு நல்ல காற்று இருக்கும். ஆகவே புகையில் குனிந்து போக வேண்டும். முடியாவிட்டால் தவழ்ந்து போக வேண்டும்.

கதவில் ஒரு பூட்டு

பாடம் முடிந்தது. அடுத்த வாரம் அக்கா வந்தார். முகம் சரியில்லை.

“பச்சைப் பலகை காட்டுற பக்கம் போய்ப் பார்த்தேன். பின்பக்கக் கதவு இருக்கு. ஆனா பூட்டு தொங்குது. சாவி மேனேஜர் வீட்டுல இருக்கு” என்றார்.

ஏன் பூட்டினார்கள்? கெட்ட எண்ணம் இல்லை. இல்லத்தில் மறதி நோய் உள்ள ஒரு பாட்டி இருக்கிறார். ஒருமுறை இரவில் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். அதனால் போட்ட பூட்டு.

நான் அவர்களுக்கு ஏர்வாடியைப் பற்றிச் சொன்னேன். ஏர்வாடி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகம் இருந்தது. ஓடிவிடுவார்கள் என்று பலரைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அந்தக் கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டப்பட்டவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்தது. மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது சொல்கிறது.

வகுப்பில் யாரும் பேசவில்லை. பிறகு அக்கா சொன்னார்: “பூட்டும் சங்கிலி மாதிரிதான்.”

இதற்கும் விதி உண்டு. 2016-இல் வெளிவந்த இந்திய தேசியக் கட்டிட விதித் தொகுப்பு சொல்கிறது: வெளியேறும் கதவை உள்ளே இருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். இதை அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார். மேனேஜரிடம் போனார்.

“சார், ராத்திரி தீப்பிடிச்சா நான் சாவிக்கு உங்க வீட்டுக்கு ஓடி வரணுமா? இங்கே இருக்கிறவங்களைத் தூக்கணுமா?” என்று கேட்டார்.

மேனேஜர் முதலில் கோபப்பட்டார். “பாட்டி வெளியே போனா யார் பொறுப்பு?” என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். அக்காவும் வாட்ச்மேனும் யோசித்து ஒரு வழி சொன்னார்கள். பூட்டை எடுத்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போடலாம். கதவில் ஒரு மணி கட்டலாம். கதவு திறந்தால் மணி அடிக்கும். உடனே போய்ப் பார்க்கலாம்.

பத்து நாள் கழித்துத் தச்சர் வந்தார். இப்போது அந்தக் கதவில் பூட்டு இல்லை. பாட்டி இரண்டு முறை கதவைத் திறந்தார். இரண்டு முறையும் மணி அடித்தது. அக்கா கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

தீப்பிடித்தால் என்ன செய்வது?

1. தீ இருக்கும் அறையில் உள்ளவரை முதலில் வெளியே கொண்டு வாருங்கள். தூக்க முடியாதவரைப் போர்வையில் கிடத்தித் தரையோடு இழுக்கலாம்.

2. அந்த அறையின் கதவை மூடுங்கள். புகை பரவாது.

3. எச்சரிக்கை மணியை அடியுங்கள். 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். இடத்தைச் சொல்லுங்கள். அருகில் உள்ள கோயில், கடை, பஸ் நிறுத்தம் எதையாவது அடையாளம் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள்.

4. மற்றவர்களைப் பயர் டோருக்கு அந்தப் பக்கம் கொண்டு போங்கள். அங்கிருந்து வெளியே கொண்டு போங்கள். லிப்ட் வேண்டாம். மின்சாரம் நின்றால் லிப்ட்டும் நின்றுவிடும்.

5. தீ சிறியதாக இருந்தால் மட்டும் தீயணைப்பானை எடுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்க வேண்டும். பின்னை இழுங்கள். குழாயைத் தீயின் அடிப்பக்கம் காட்டுங்கள். பிடியை அழுத்துங்கள். இடமும் வலமுமாக வீசுங்கள். தீ அடங்கவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

6. மின்சாரத் தீயிலும் எண்ணெய்த் தீயிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. மின்சாரம் என்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். வாணலி என்றால் அடுப்பை அணைத்து மூடி போடுங்கள்.

7. வெளியே வந்ததும் பதிவேட்டைப் பார்த்து ஆட்களை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தாலும் தீயணைப்பு வீரரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். அப்போது தீயணைப்புத் துறையினர் பல இடங்களில் செய்து காட்டுவார்கள். உங்கள் இல்லத்துக்கும் வரச் சொல்லிக் கேளுங்கள்.

பலகையைப் படிப்பது முதல் படி. பலகை சொல்வது உண்மையா என்று போய்ப் பார்ப்பது அடுத்த படி. வழி என்று எழுதியிருந்தால் அங்கே வழி இருக்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் பச்சைப் பலகை எங்கே இருக்கிறது?
2. அது காட்டும் கதவை இன்று திறந்து பார்த்தீர்களா?
3. அங்கே ஓட முடியாதவர்கள் யார் யார்? அவர்களை யார் தூக்குவது?
4. 101, 112 ஆகிய எண்களை உங்கள் நோட்டில் பெரிதாக எழுதுங்கள்.