சுடாமல் கலைக்கத்தான் வஜ்ராவும் வருணும்

விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் கோவைக் கடைவீதிகளில் நீல நிறச் சீருடைப் படையொன்று கொடி அணிவகுப்பு நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அதிவிரைவுப் படையினர். மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பிரிவாக 1992 அக்டோபரில் பணியைத் தொடங்கிய இந்தப் படையின் 105-வது பட்டாலியன் முகாம் கோவை வெள்ளலூரில் இருக்கிறது. கலவரத்தை அடக்குவதற்கென்றே உருவான படை என்பதால், இவர்கள் கையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை உயிரைப் பறிக்காமல் கூட்டத்தைக் கலைப்பதற்கான கருவிகள்.

முதலில் உடல் கவசம். முகத்தை மறைக்கும் கண்ணாடித் தகட்டோடு தலைக்கவசம், மார்புக்கும் முழங்காலுக்கும் காப்பு, கையில் பாலிகார்பனேட் கேடயம். கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்தபடியே எதிரே வரும் கல்லைப் பார்க்க முடியவேண்டும் என்பதால்தான் அது ஒளி ஊடுருவும்படி இருக்கிறது. மூங்கில் லத்திக்குப் பதிலாகப் பல இடங்களில் பாலிகார்பனேட் லத்தி வந்துவிட்டது. தலையில் அடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழேதான் அடிக்கவேண்டும் என்ற பாடம் மட்டும் மாறவில்லை.

வாகனங்களில் தமிழ்நாட்டு மக்கள் நன்கறிந்த பெயர்கள் இரண்டு: வஜ்ரா, வருண். கம்பிவலை போட்ட ஜன்னல்களோடு நிற்கும் வஜ்ராவின் கூரையில் பல குழல்கள் வரிசையாக இருக்கும். அவற்றிலிருந்து கண்ணீர்ப்புகை குண்டுகளை அடுத்தடுத்து ஏவலாம். வருண் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் வண்டி. தண்ணீர்தானே என்று நினைத்துவிட வேண்டாம். 2010 செப்டம்பர் 30 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ரயில் நிலையத் திட்டத்தை எதிர்த்துப் பூங்காவில் கூடியவர்கள் மீது போலீஸார் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அது முகத்தில் அடித்ததில் 66 வயது ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கிட்டத்தட்ட முழுப் பார்வையையும் இழந்தார். அந்த நடவடிக்கை சட்டவிரோதமானது என்று 2015-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கண்ணீர்ப்புகை என்கிறோமே, அது உண்மையில் வாயு அல்ல. பெரும்பாலான நாடுகளின் போலீஸார் பயன்படுத்தும் ‘சி.எஸ்.’ ஒரு திடப்பொருள். 1928-இல் அதை உருவாக்கிய அமெரிக்க வேதியியலாளர்கள் கார்சன், ஸ்டாட்டன் ஆகியோரின் முதலெழுத்துகளே அதன் பெயர். குண்டுக்குள் இருக்கும் கலவை எரியும்போது அது நுண்துகள்களாகப் புகையோடு பரவி, கண், மூக்கு, தொண்டையின் ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. கசக்கினால் எரிச்சல் கூடுமே தவிரக் குறையாது. காற்று வரும் திசை நோக்கி நகர்ந்து, நிறையத் தண்ணீரால் கழுவுவதே வழி. 1993-இல் கையெழுத்தான ரசாயன ஆயுத ஒப்பந்தம் இதைப் போர்க்களத்தில் பயன்படுத்தத் தடை செய்கிறது. உள்நாட்டில் சட்டம் ஒழுங்கைக் காக்கப் பயன்படுத்த அனுமதிக்கிறது. எதிரி நாட்டுச் சிப்பாய் மீது வீசக் கூடாததைச் சொந்த நாட்டுக் குடிமகன் மீது வீசலாம் என்பது என் மனதுக்கு ஒப்பவில்லை.

இந்தியாவில் இந்தக் குண்டுகளைத் தயாரிப்பது குவாலியரை அடுத்த டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நடத்தும் ஆலை. குண்டை வானோக்கிச் சாய்த்து எய்யவேண்டும். அது வளைந்து போய்க் கூட்டத்தருகே விழவேண்டும். அதையே நேராக முகத்துக்குக் குறிவைத்தால் மண்டை உடையும். 2024 பிப்ரவரியில் பஞ்சாப்-ஹரியாணா மாநிலங்களுக்கு இடையிலான ஷம்பு எல்லையில் விவசாயிகள் மீது ஹரியாணா போலீஸார் டிரோன் மூலமும் குண்டுகளைப் போட்டார்கள்.

காஷ்மீரில் 2010 முதல் பயன்பட்ட பெல்லட் துப்பாக்கி இன்னும் கொடியது. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈயக் குண்டுகள். வெடித்ததும் அவை சிதறிப் பாயும். யார் மீது படும் என்று சுடுபவருக்கே தெரியாது. 2016-இல் பலர் கண்ணை இழந்த பிறகு, மாற்றாக ‘பாவா’ குண்டுகளுக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மிளகாயின் காரத்தை ஒத்த பொருள் அதில் இருக்கிறது. ஆனாலும் பெல்லட் துப்பாக்கி முழுதாகக் கைவிடப்படவில்லை.

இத்தனை கருவிகளும் எதற்காக? கூட்டத்துக்கும் போலீஸுக்கும் நடுவே இடைவெளியை உண்டாக்கி, துப்பாக்கியைத் தொடும் தேவையே வராமல் பார்த்துக்கொள்ள. ஆனால் 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். தப்பி ஓடியவர்களையும் போலீஸார் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் அறிக்கையில் பதிவு செய்தது. இத்தனைக்கும் வஜ்ராவும் வருணும் தமிழ்நாட்டுக்குத் தெரியாத வண்டிகளல்ல. புது வண்டி வாங்கும் செய்தியை அறிவிக்கும் அரசு, ஒவ்வொரு போராட்டத்துக்குப் பிறகும் எத்தனை குண்டுகள் எறியப்பட்டன, எவ்வளவு தொலைவிலிருந்து, யார் உத்தரவில் என்ற கணக்கையும் மக்கள் முன் வைக்கவேண்டும்.