மடிக்கணினிக்குள் இரண்டு சித்திரகாரர்

கண்டி மாநகரின் வடபுறத்தே, மகாவலி கங்கை வளைந்தோடும் கட்டுகஸ்தோட்டையில் நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. அண்மையில் ஒரு ஞாயிறு மாலை அங்குச் சென்றிருந்தோம். வழக்கமான கலகலப்பைக் காணவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் மூத்த மகன் ஒரு மூலையில் முகம் வாடி அமர்ந்திருந்தான்.

“சீட்டுக் காசைச் சேர்த்து மடிக்கணினி வாங்கிக் கொடுத்தோம். விளையாடி விளையாடியே பழுதாக்கிப் போட்டான். மதர்போட்டையே மாற்ற வேண்டுமாம், கடையில் சொல்கிறார்கள்” என்று அன்னையார் மனம் நொந்து கூறினார்.

விளையாட்டைத் தொடங்கிப் பத்து நிமிடமானால் படம் உறைந்துவிடும். பின்னர் விளையாட்டு தானே மூடிக்கொள்ளும். பாடத்துக்குரிய முப்பரிமாண வரைபடங்களைத் திறந்தாலும் சில வேளைகளில் அதே கதிதான். ஆகவே பிள்ளையின் படிப்பும் பெற்றோரின் சேமிப்பும் இதில் அடங்கியிருந்தன. இத்தகைய இன்னல் வாசகர் இல்லங்கள் பலவற்றிலும் நேரக்கூடியதாகையால், அன்று நாம் செய்து பார்த்தவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலில் இக்கணினியின் அமைப்பை அறிதல் வேண்டும். விளையாட்டுக்கென விற்கப்படும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் வரைகலை அட்டைகள் இரண்டு உள்ளன. ஒரே வீட்டில் இரு சித்திரகாரர் குடியிருப்பது போல என்று கொள்ளலாம். இளையவர், இன்டெல் அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தின் மூளைச் சில்லுக்குள்ளேயே அடங்கியவர்; சிறிதளவு மின்சாரமே அவருக்குப் போதும். எழுத்து, திரைப்படம் போன்ற எளிய வேலைகள் அவருடையவை. மூத்தவர் தனி அட்டையாக இருப்பவர், பேராற்றல் உடையவர், மின்சாரமும் மிகுதியாகக் கேட்பார். முன்னாளிற் சில கணினிகளில், இவருள் ஒருவரை அழைக்கக் கையால் விசையொன்றைத் தள்ள வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் என்விடியா நிறுவனம் ‘ஒப்டிமஸ்’ என்னும் முறையை அறிமுகஞ் செய்த பின்னர், இம்மாற்றம் தானே நிகழலாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இம்முறையில் திரை இளையவருடனேயே இணைக்கப்பட்டிருக்கும். மூத்தவர் தீட்டிய படமும் இளையவர் கை வழியாகவே திரையை அடையும். புதிய கணினிகள் சிலவற்றில் மட்டுமே நேர்வழியும் உண்டு. ஆதலால் இருவரில் எவர் தடுமாறினும் விளையாட்டு குலையலாம். ‘சிறியது எதற்கு?’ என்று இளையவரை முடக்கிவிடுவதும் தவறேயாகும்.

விண்டோஸ், தன் விஸ்தா பதிப்பு முதல், ஒரு காவலனையும் வைத்துள்ளது. வரைகலை அட்டை 2 விநாடிக்குள் விடை தராவிடின், காவலன் அதனைத் தட்டியெழுப்பி மீளத் தொடக்குவான். கணினி பிழைத்துக்கொள்ளும், விளையாட்டோ வீழ்ந்துவிடும். ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் குறிப்பேட்டைத் திறந்து நோக்கினோம். இச்செயலைக் குறிக்கும் 4101 என்ற எண் அங்கே பலமுறை காணப்பட்டது. அட்டை தடுமாறுகிறது என்பது தெளிவாயிற்று. ஏன் தடுமாறுகிறது என்பதே கேள்வி.

நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. நாமும் ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது குணம் தந்தது என்பது விளங்காது.

முதலாவது, வேலை எவரிடம் உள்ளது? ‘டாஸ்க் மனேஜர்’ பக்கத்தில் இரு அட்டைகளின் உழைப்பும் தனித்தனியே தெரியும். இளையவர் நூறு விழுக்காடு திணற, மூத்தவர் சும்மா இருந்தார்! ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘கிராபிக்ஸ்’ என்ற வரிசையிற் சென்று, அவ்விளையாட்டுக்கு ‘ஹை பெர்ஃபோமன்ஸ்’ என்பதைத் தெரிவு செய்தோம். 2018ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 10இல் இவ்வசதி உண்டு. படம் தெளிவுற்றது. எனினும் இருபது நிமிடத்தில் மீண்டும் உறைந்தது.

இரண்டாவது, ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி மென்பொருள். மூத்தவரது இயக்கி புதியது. இளையவரது மிகப் பழையது. கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தே அதனைப் பெற்றுப் புதுப்பித்தோம். புதுப்பித்த பின்னர்த் தொல்லை தொடங்கியவர்கள், முந்திய பதிப்புக்கு மீளுதல் நன்று. இங்கோ உறைவு பின்னும் நீங்கவில்லை.

மூன்றாவது, மின்சாரம். இடைப்பருவக் காலத்துப் பிற்பகல்களில் கண்டியில் இடியும் மழையும் கூடி வரும். மின்சாரம் தடைப்படுதலும் உண்டு. பற்றரியில் ஓடும்போது மூத்தவருக்கு முழு உணவு கிட்டாது. வலுக் குறைந்த மாற்றுச் சார்ஜரும் அவ்வாறே. இங்கே சார்ஜர் சரியாகவே இருந்தது.

நான்காவது, வெப்பம். “தம்பி, எங்கே வைத்து விளையாடுகிறாய்?” என்று கேட்டோம். “கட்டிலில்தான்” என்றான். குளிருக்கு விரித்த கம்பளி, அடிப்புறக் காற்றுத் துவாரத்தை அடைத்திருக்கிறது! வெப்பம் 95 பாகை செல்சியசை நெருங்கி நின்றது. உத்தரவாதக் காலம் கடந்துவிட்டமையால், கணினியை அணைத்து, மின்தொடர்பை நீக்கி, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு தூசியை அகற்றினோம். பஞ்சு போலத் திரண்டு வந்தது. உத்தரவாதம் உள்ளவர்கள் இதனை நிறுவனத்தாரிடமே ஒப்படைப்பது நலம்.

மேசை மீது வைத்து மீண்டும் தொடக்கினான். இரண்டு மணி நேரம் கழிந்தும் விளையாட்டு நிற்கவில்லை. மறுநாள் வரைபடங்களும் தடையின்றித் திறந்தன என்று செய்தி வந்தது. மதர்போட் மாற்ற வேண்டிய தேவை எழவேயில்லை.

இத்தனையும் செய்த பின்னரும் எல்லா விளையாட்டுகளும் குலையுமாயின், கடையை நாடத்தான் வேண்டும். ஒரே விளையாட்டு மட்டும் குலையுமாயின், அவ்விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்த்தல் போதுமாகலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர். பணப்பையைத் திறக்குமுன், பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், ஒரு மாலைப்பொழுதை ஆராய்ச்சிக்கு ஒதுக்குங்கள்.

நாம் விடைபெறுகையில் அன்னையார் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து, முதலில் மகனிடம் நீட்டினார்.