செங்குதிரை கறுக்கும் நேரம்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில், நமணசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அய்யனார் கோயில் இருக்கிறது. அதற்குப் போகும் பாதையின் இருபுறமும் சுடுமண் குதிரைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. காது உடைந்தவை, கால் இழந்தவை, கழுத்து மட்டும் மிஞ்சியவை என்று பல தலைமுறைக் குதிரைகள். பகலில் அவை மண்பொம்மைகள். பொழுது சாய்ந்தபின் அவற்றுக்கு நடுவே தனியாக நடப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

இப்படி அஞ்சி நடக்கும் பாதை மேலைநாடுகளிலும் உண்டு. அங்கே அக்டோபர் 31 இரவு ஹாலோவீன். சில இடங்களில் அக்கம்பக்கத்தார் தாமாகவே கூடி, பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றி, தோப்பு வழியே ஓர் அச்சப் பாதை அமைப்பார்கள். பிள்ளைகள் அலறிக்கொண்டே நுழைந்து சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். நம் குதிரைப் பாதை வேண்டுதலால் உருவானது. மழைக்கும் பிள்ளை வரத்துக்கும் ஊர்க்காவலுக்கும் நேர்ந்துகொண்டு வைத்தவை இந்தக் குதிரைகள். ஆனாலும் அதையும் ஊர்தான் கூடிக் கட்டுகிறது.

குதிரைகளைச் செய்து கோயிலுக்குக் கொண்டுபோகும் விழாவுக்குப் பெயர் புரவி எடுப்பு. பிடிமண் கொடுப்பதில் அது தொடங்கும். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வெற்றிலை பாக்கோடு குயவரான வேளாரின் கையில் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடிதான் ஒப்பந்தம். அதைச் சேர்த்துப் பிசைந்து வேளார் குதிரை செய்வார். செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்துக்கொள்வார்கள்.

ஆலங்குடி வட்டாரத்துக் குளமங்கலத்தில் அய்யனாரின் குதிரை 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மாசி மகத்தன்று பக்தர்கள் சாத்தும் காகித மாலைகளில் அதன் உடலே மறைந்துபோகும். அது கட்டி எழுப்பிய சிலை. பச்சை மண்ணில் வனைந்து தீயில் சுடும் குதிரையை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோவது கடினம். காரணம், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர்.

ஈரக் களிமண்ணின் துகள்கள் நுண்ணிய தகடுகள். இடையிலுள்ள நீர் அவற்றை வழுக்க வைப்பதால்தான் மண் கைக்கு வளைகிறது. அதே காரணத்தால், ஒரேயடியாக உயரமாக வனைந்தால் மேல்பாரம் தாங்காமல் அடிப்பகுதி சரிந்துவிடும். எனவே முதலில் கால்களைக் குழாய்போல் செய்து, அவை சற்று இறுகியபின் வயிற்றையும், அதற்குப்பின் கழுத்தையும் தலையையும் ஏற்றுகிறார்கள். உள்ளே முழுக்க வெற்றிடம். மணலும் உமியும் கலந்த மண் காயும்போது குறைவாகச் சுருங்கும். உமி மண்ணில் உண்டாக்கும் நுண்துளைகள் வழியே ஆவி வெளியேறும். ஒரு துளி நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரிகிறது. வெளியேற வழியில்லாமல் போனால் சூளையில் குதிரை வெடித்துவிடும்.

நெருப்பு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இன்னொன்று நடக்கிறது. களிமண்ணின் படிகக் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் பிரிந்துபோகிறது. அதுவரை தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகிவிடக்கூடிய மண், இனி எத்தனை மழையில் நனைந்தாலும் சேறாகாது. காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பைத் தரும். காற்றை அடைத்தால் கருமை. சித்தன்னவாசல் வட்டாரத்தில் ஈமச்சின்னங்களை விட்டுச்சென்ற பெருங்கற்கால மக்களின் காலத்திலேயே தமிழகக் குயவர்கள் இந்த இரண்டு நிறத்தையும் ஒரே கலத்தில் வரவழைத்திருக்கிறார்கள். கருப்பு-சிவப்புப் பானை என்று நாம் சொல்வது அதைத்தான்.

குதிரைகளுக்குக் கண் திறந்தபின், கம்புகளில் கட்டி இளைஞர்கள் தோளில் ஏற்றுவார்கள். கொட்டு முழங்க ஊர் முழுவதும் பின்னால் நடக்கும். கோயிலில் இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியபின், குதிரை தன் வேலையைத் தொடங்குகிறது. அய்யனார் அதில் ஏறி இரவெல்லாம் ஊர் எல்லையைச் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை.

அந்தி மங்கலில் அந்தக் குதிரைகளைப் பார்த்தவர்கள் அந்த நம்பிக்கையை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். நம் விழித்திரையில் இருவகை உணர்செல்கள் உண்டு. கூம்புகள் வெளிச்சத்தில் நிறம் காட்டும். குச்சிகள் மங்கலில் உருவம் காட்டும். குச்சிகளுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. ஆகவே ஒளி குறையும்போது பச்சை இலைகள் வெளிறித் தெரிய, செங்குதிரை கறுத்துப்போகிறது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 1819இல் விடியற்கால நடையின்போது பூக்களில் இந்த மாற்றத்தைக் கவனித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. விழித்திரையின் நட்ட நடுவில் குச்சிகளே இல்லை. இருட்டில் ஒரு குதிரையை நேராக உற்றுப் பார்த்தால் அது மங்கி மறையும். பார்வையைச் சற்றே விலக்கினால் ஓரக்கண்ணில் மீண்டும் எழும். அசையாத குதிரை அசைவதாகத் தோன்ற இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். போதாக்குறைக்கு, முகத்தையும் கண்ணையும் எங்கே கண்டாலும் முந்திக்கொண்டு இனம்காணும்படி நம் மூளை அமைந்திருக்கிறது. உருட்டி விழிக்கும் நூறு கண்களுக்கு நடுவே நடக்கும்போது நெஞ்சு படபடப்பதைக் கோழைத்தனம் என்று சொல்லக் கூடாது. இருளில் பிழைத்துவந்த முன்னோர் நமக்குத் தந்துவிட்டுப்போன எச்சரிக்கை அது.

புர்கின்யே எழுதி வைப்பதற்கு முன்பும், பெயர் தெரியாத எத்தனையோ வேளார்கள் அந்தியில் தம் குதிரையைத் தள்ளி நின்று பார்த்திருப்பார்கள். எந்தக் கண்ணை எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கை அறிவும் அறிவியல்தான் என்றே நான் கருதுகிறேன்.

சுட்ட மண் மறுபடி களிமண் ஆகாது. உடைந்த குதிரையின் ஓடுகளை நனைத்துப் பிசைந்து இன்னொரு குதிரை செய்ய முடியாது. எனவே அடுத்த புரவி எடுப்புக்கு ஊர் மறுபடி கூட வேண்டும், வரி பிரிக்க வேண்டும், பழைய சண்டைகளைப் பேசித் தீர்க்க வேண்டும். ஒரு குதிரை மழையிலும் வெயிலிலும் சிதைந்து விழுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவதில்லை. யாரோ ஒரு பெரியவர் மறுபடி குனிந்து ஒரு பிடி மண் அள்ள வேண்டிய நாள் நெருங்குகிறது என்றுதான் தோன்றுகிறது.